ஊர்க்காரர்களோடு இரண்டு நாள்

பாசமுள்ள தம்பிக்கு அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் உடம்பளவில் நலம். என் கால் வீக்கம் வடிந்துவிட்டது. பயணப் பெட்டியில் ஒரு சக்கரம் மட்டும் எங்களோடு திரும்பி வரவில்லை. போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ "ஒரு நிமிஷம்க்கா, இன்னொரு கால் வருது" என்று போனால் அடுத்த மாதம்தான் திரும்பி வருகிறாய். அதோடு நான் பேச வேண்டியது உன் அத்தானைப் பற்றி, அவரோ நாள் முழுக்கப் போனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே கடிதம்.

இந்தப் பயணத்துக்கு நான் எதற்காகத் தலையாட்டினேன் என்று உனக்கு நன்றாகத் தெரியும். பஸ் டெப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதிய மனுஷன், ஓய்வு பெற்ற நாளிலிருந்து எட்டு மாதமாகச் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசவில்லை. "சாப்பிடறீங்களா?" "ம்." "உப்பு சரியா இருக்கா?" "ம்." "டாக்டர்கிட்ட போலாமா?" அதற்கு "ம்ஹூம்", அன்றைக்கு அதுவே எனக்குப் பெரிய பேச்சாக இருந்தது. உன்னிடம் அழுதேன். நீ உடனே ஒரு கையேட்டை அனுப்பி, "அக்கா, இது சும்மா ஊர் சுத்திப் பாக்கற டூர் இல்ல, சமூகப் பொறுப்போட நடத்தற கல்விப் பயணம், வெளிநாட்டுல ஒரு கிராமத்துல ஊர்க்காரங்களோட தங்கி, கூட வேலை செஞ்சு, அவங்ககிட்ட கத்துக்கணும், அத்தான் அங்க போனா வாயத் திறப்பார் பாரு" என்றாய். அந்தக் கடைசி வரிக்காகத்தான் வந்தேன். உலகத்தைப் பார்க்கும் ஆசை எனக்கு மொட்டை மாடியிலேயே தீர்ந்துவிடும்.

அந்தக் கையேட்டை நான் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். ஊர்க்காரர்களைக் கேள்வி கேட்டுத் துளைக்கக் கூடாது. கவனிக்க வேண்டும். அவர்கள் செய்யும் வேலையில் கேட்காமலே கை கொடுக்க வேண்டும். அவர்கள் தொடங்கும் முன் சாப்பிடக் கூடாது. அவர்கள் எதைச் செய்தாலும் வியப்புக் காட்டக் கூடாது. நடப்பதற்கு நல்ல காலணி வேண்டும் என்று போட்டிருந்ததால் நீலத்தில் ஒரு ஜோடிச் செருப்பு வாங்கினேன், அது முதல் நாளே கடித்தது. உன் அத்தான் கையேட்டைப் புரட்டக்கூட இல்லை. வண்டி கிளம்பும் நேரம் போட்டிருக்கிற பக்கத்தை மட்டும் மடித்து வைத்துக்கொண்டார்.

நாங்கள் மொத்தம் பன்னிரண்டு பேர், எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். கூட வழிகாட்டியாக ஒரு சின்னப் பெண், நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். விமானம் இறங்கி மூன்று மணி நேரம் வேனில் போன பிறகு, ஒரு மரப்பாலத்தில் வேன் ஏறாது என்றார்கள். சரி, நடந்து போவோம், பெட்டிகள் பின்னால் வரும் என்று இறங்கும்போது எங்கள் குழுவில் இருந்த பேராசிரியர், எதையும் மறக்காமல் இருக்க எல்லாவற்றையும் குறித்து வைக்கிற மனிதர், பாஸ்போர்ட்டை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டதைக் கண்டுபிடித்தார். குறிப்புப் புத்தகம் பத்திரமாக இருந்தது. வழிகாட்டிப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆன்ட்டி, நேரா போனா ஒரு பெரிய ஹால் வரும், ஊர்க்காரங்க காத்துட்டிருப்பாங்க, பாஷை தெரியலன்னா பரவால்ல, சிரிங்க போதும், நான் இவரைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அதே வேனில், எங்கள் பெட்டிகளோடு, நகரத்துக்குத் திரும்பிப் போனாள். வந்தது மூன்றாம் நாள்.

நாங்கள் பதினொரு பேரும் முழங்கால் வரை சேற்றோடு ஆறு மணி வாக்கில் அந்த ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் வயதாகியிருந்தது, எல்லாரும் ஒரே மாதிரி வைக்கோல் தொப்பி. ஊர்க்காரர்கள். நாங்கள் சிரித்தோம். அவர்களும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் உடனே ஓடிப்போய்த் துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தார். கூடவே வேலை செய்ய வேண்டும் இல்லையா, நான் இன்னொரு துடைப்பத்தை எடுத்தேன். தம்பி, அன்று மாலை அந்த ஹாலை நாலு முறை பெருக்கினோம். நான் பாத்திரம் கழுவப் போனால் ஒரு அம்மாள் என் கையிலிருந்து வாங்கிக் கழுவுகிறாள், அவள் கழுவியதை நான் வாங்கி மறுபடி கழுவுகிறேன். சமைத்தது மேசைக்கு வந்ததும் அவர்கள் தொடங்கட்டும் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். எல்லாம் ஆறிக் கல்லாகிப்போன பிறகு எங்கள் குழுவின் பல் டாக்டர் பொறுக்கமுடியாமல் ஒரு வாய் வைத்தார், அவர்கள் எல்லாரும் பெருமூச்சு விட்டுச் சாப்பிட்டார்கள். எவ்வளவு பண்பான ஜனங்கள் என்று நான் நினைத்தேன். காலையில் சைக்கிளில் ஒருத்தர் காய்கறி கொண்டுவந்து, எங்கள் இரண்டு கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ கேட்டார். யாருக்கும் புரியவில்லை. கையேட்டில் தெரு வியாபாரிகளிடம் பேரம் பேசாதீர்கள் என்று இருந்ததால் கூடையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டேன்.

இப்போது அத்தான் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஹாலில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் சமையலறை, அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. போய்ச் சேர்ந்த மறுநாள், அதை முதல் நாள் என்று வைத்துக்கொள், மதியம் நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் தொப்பிக்கார அம்மாள் ஒருத்தி. அந்தப் பெஞ்சில் உன் அத்தானும் அவள் வீட்டுக்காரரும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒரு குரல். யாரோ தமிழ் பேசுகிறார்களே என்று பார்த்தால் உன் அத்தான்.

"காலைல நாலு இருபதுக்கு முழிப்பு வந்துடுதுங்க. முதல் வண்டி நாலு அம்பது. வண்டி இப்பவும் போகுது, எழுதறதுக்கு நான் இல்ல, அவ்ளோதான். எழுந்து டீ போட்டுக்கறேன். அவ தூங்கட்டும்னு சத்தமில்லாம போடறேன். டீத்தூள் அடுப்புகிட்டயே இருக்கு. சர்க்கரை எங்க இருக்குன்னு தெரியல. முப்பத்தொரு வருஷம் தூங்கறதுக்கு மட்டும் வந்த வீடு. இப்ப போயி சர்க்கரை எங்கன்னு கேட்டா, இத்தனை வருஷம் எங்க இருந்தீங்கன்னு கேப்பா. நியாயம்தான். அதான் கேக்கல."

தம்பி, கத்தி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. எறும்புக்குப் பயந்து நான் சர்க்கரையை மேல்தட்டில் பழைய பிஸ்கட் டின்னில் வைப்பது வழக்கம். அவர் சர்க்கரை இல்லாமல் குடிப்பதைப் பார்த்து, மனுஷன் உடம்புக்காக விட்டுவிட்டார் என்று நினைத்து, சாயங்காலம் நான் போடுகிற டீயிலும் எட்டு மாதமாகச் சர்க்கரை போடாமல் கொடுத்தேன். "அவருக்கு என்ன கட்டுப்பாடு பாரு" என்று உன்னிடமே பெருமை அடித்தேன். அந்தத் தொப்பிக்காரர் பாவம், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தன் பாஷையில் அரை மணி நேரம் ஏதோ சொன்னார். என் பக்கத்தில் இருந்த அம்மாளும் உரிப்பதை நிறுத்திவிட்டாள். அன்று சாப்பாட்டுக்கு எல்லாருக்கும் ஆளுக்கு அரை உருளைக்கிழங்குதான்.

இரண்டாம் நாள் மதியமும் அதே பெஞ்சு. "அவ பேசும்போதெல்லாம் நான் கடிகாரத்தைப் பாத்துட்டிருந்தேங்க. டூட்டி அப்படி. இப்ப கடிகாரம் பாக்கற வேலை இல்ல, உக்காந்து கேக்கலாம்னா அவ பேசறத நிறுத்திட்டா. உப்பு சரியா இருக்கான்னு கேக்கறா. அதுக்கு ம்முன்னு சொல்லாம வேற என்ன சொல்ல? அவ ஆபீஸ் போயிட்டிருந்த காலத்துல மாதிரி ஆபீஸ் கதை ஏதாவது சொன்னா கேக்கலாம்." அத்தனையும் மொழி தெரியாத ஒரு ஊர்க்காரரிடம். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எனக்குக் காது இல்லையா? நான் என்ன ஆளே இல்லையா? ஒட்டுக்கேட்டதைச் சொல்லவும் வெட்கம். உருளைக்கிழங்கைக் கழுவி வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை எங்கள் வழிகாட்டிப் பெண் வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே இன்னொரு வழிகாட்டிப் பையனும் வந்தான், அவனுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்காம். இரண்டு பேரும் வாசலில் நின்று பேசிப் பேசி, கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். தம்பி, அந்தப் பன்னிரண்டு பேரும் ஊர்க்காரர்களே இல்லை. வேறொரு நாட்டிலிருந்து, வேறொரு கம்பெனி மூலம், சமூகப் பொறுப்போடு கல்வி கற்க வந்த கூட்டம். தொப்பி அவர்கள் கம்பெனி கொடுத்தது. நாங்கள் சேற்றோடு வந்ததால், வயலிலிருந்து திரும்பும் ஊர்க்காரர்கள் என்று நினைத்து, எங்களைப் பார்த்தே கற்றுக்கொண்டிருந்திருக்கிறார்கள். உண்மையான ஊர்க்காரர்களிடம் நாங்கள் அடுத்த வாரம்தான் வருவோம் என்று சொல்லியிருந்தார்களாம். நாங்கள் பார்த்த ஒரே ஊர்க்காரர் காய்கறிக்காரர், அவர் முகத்தில்தான் நான் கதவைச் சாத்தினேன்.

வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. வந்த அன்றே சர்க்கரை டின்னை மேல்தட்டிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசை மேல், கண்ணுக்கு நேராக வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை, வைத்தேன், அவ்வளவுதான். அவர் அதைத் தொடக்கூட இல்லை. பழையபடி "ம்". முன்பின் தெரியாத மனுஷனிடம் இரண்டு நாள் கொட்டித் தீர்த்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. எனக்குச் சலித்துவிட்டது, தம்பி. இனி அவரைப் பேச வைக்க நான் எதுவும் செய்வதாக இல்லை. நீயும் இனி எங்களை எங்கேயும் அனுப்பாதே. அந்தக் கம்பெனிக்கு மட்டும் கண்டிப்பாக ஒரு புகார் எழுதிப் போடு.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, வெளிநாட்டுக்கெல்லாம் போகாமல் தீர்க்காயுசாக இருக்க ஆசீர்வாதம். கவரை ஒட்டப் பசை இல்லை, அத்தானிடமே கொடுத்து ஒட்டித் தபாலில் போடச் சொல்கிறேன், அவர் என்ன, பிரித்தா படிக்கப் போகிறார்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: மச்சானுக்கு, அத்தான் எழுதுவது. பிரித்தேன். சில திருத்தங்கள். வேன் பயணம் மூன்று மணி நேரம் அல்ல, இரண்டு மணி ஐம்பது நிமிடம். ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தது ஆறு அல்ல, 5.40. அப்போது தொப்பிக்காரர் கைக்கடிகாரத்தில் 2.10. உள்ளூர்க்காரர் கடிகாரம் என்றால் அந்த ஊர் நேரத்தைத்தான் காட்டும். ஆகவே அவர் வெளியூர் என்று எனக்கு முதல் பத்து நிமிடத்திலேயே தெரியும். யாரும் கேட்கவில்லை. நான் பேசியது அவருக்குப் புரியாது என்பதும் தெரியும். பலகைத் தடுப்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, அதில் உன் அக்காவின் நீலச் செருப்பு தெரிந்தது. இரண்டாம் நாள் அந்தச் செருப்பு வரும்வரை காத்திருந்து 3.05க்குத் தொடங்கினேன். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியாகிவிட்டது. அவள் பதில் சொல்வாள் என்று பதினோரு நாளாகக் காத்திருக்கிறேன். சர்க்கரை டின் மேசைக்கு வந்திருப்பதைப் பார்த்தேன். அதுதான் பதிலா, அல்லது மேல்தட்டைத் துடைப்பதற்காக எடுத்து வைத்தாளா என்று தெரியாததால் தொடவில்லை. நீ அவளிடம் கேட்டு எழுது.