இடது பெட்டிக்குள் இருந்தவள்

“பெட்டிக்குள்ள இருக்கிறவ சரின்னு சொல்லட்டும், நானும் சரின்னு சொல்றேன். அதுவரைக்கும் வெள்ளிக்கிழமையும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.”

“அக்கா, அது ஸ்பீக்கர் பெட்டி. உள்ள காந்தமும் கம்பியும்தான் இருக்கு.”

“இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினவளை காந்தம்னு சொல்றியேடா, பாவி.”

இரண்டாம் மாடியில் இந்தச் சண்டை நடந்தபோது நான் முதல் மாடிப் படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஒரே படியை அரை மணி நேரம் பெருக்கினால் அது சுத்தம் ஆகுமோ இல்லையோ, விஷயம் முழுதாகக் காதில் விழும்.

சண்டை போட்டவர்கள் அக்காவும் தம்பியும். தம்பி முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்; எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் ‘டிரைவர்’தான். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. இன்ஜின் இரைச்சலில் ஒரு காது மந்தமாகி, காது மிஷின் வாங்கப் போன இடத்தில், அந்தக் கடையை நடத்தும் அம்மாவை அவருக்குப் பிடித்துப்போனது. அந்த அம்மாவுக்கும் இவரைப் பிடித்துப்போனது. வரும் வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

இடையில் வந்து சேர்ந்ததுதான் ஸ்டீரியோ. பழைய சாமான் கடையில் காதுக்கடை அம்மாவே கூட நின்று பொறுக்கியது. கடைக்காரர் மினுமினுக்கிற விளக்கு வைத்த புதுப் பெட்டியைக் காட்டியிருக்கிறார். “விளக்கைக் கேட்கவா வந்தோம்?” என்று இந்த அம்மா நகர்ந்துவிட்டார். பழைய ஆம்ப்ளிஃபயரின் ஒவ்வொரு குமிழையும் திருகி, கரகரக்கிறதா என்று பார்த்தார். ஸ்பீக்கர் பெட்டியை விரலால் தட்டினார். இருவருக்கும் நன்றாகத் தெரிந்த பாட்டையே போடச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார். “காசுல பெரும்பங்கு ஸ்பீக்கருக்கு, மிச்சம் மத்ததுக்கு. வயரு சாதா வயரே போதும்.” இதை டிரைவர் எங்கள் எல்லோரிடமும் ஐந்தாறு தடவை சொல்லியிருப்பார். காதல் வந்தவர்கள் வயரைப் பற்றிக்கூட வாயூறப் பேசுவார்கள்.

அப்போதுதான் எங்கள் தெருவில் செவிச்சித்தர் புகழ் கொடிகட்டிப் பறந்தது. ஆவி, ஏக்கம், கண்ணேறு எல்லாம் பாட்டுப் பெட்டிக்குள் குடியேறுகின்றன என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இரண்டு ஸ்பீக்கர் பெட்டி மாட்டியது எதுவானாலும் பார்ப்பார். முதலில் பாட்டைப் போடச் சொல்வார். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ‘நாடி’ பிடிப்பார். அவ்வளவுதான், பாடகரின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். ‘டம் டம்’ என்கிற அடி முழக்கம் செத்துவிடும். சனம் வாயில் கைவைத்துக்கொள்ளும். பிறகு இரண்டு கறுப்புக் கற்களைப் பெட்டிகளுக்கு அடியில் வைத்து, மறுபடி நாடி பிடிப்பார். போன குரல் ஓடி வந்துவிடும். முடிதிருத்துபவர் வீட்டில் இரண்டு முறை பார்த்தார். வாத்தியார் வீட்டில் ஒரு முறை. படித்த வீடு என்பதால் கற்கள் கொஞ்சம் பெரியவை. பேசுகிறவரின் வாயையே உற்றுப் பார்ப்பார் சித்தர். ஞானிகள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

அக்கா அவரை டிரைவர் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். சித்தர் நாடி பிடித்தார், குரல் போனது. கண்ணைத் திறந்து, “இடது பெட்டியில ஒரு பொம்பளை உட்கார்ந்து பாடறவன் தொண்டையைப் பிடிச்சிருக்கா. மறுகல்யாணம் வேண்டாங்கறா. மூணு வாரம் பூஜை, அதுக்கப்புறம் அவ உத்தரவு கொடுத்தா பார்ப்போம்” என்றார். இந்த முறை குரலைத் திருப்பித் தரவில்லை. அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

அக்கா சொன்னதை டிரைவர் ஊதித் தள்ளியிருப்பார். ஆனால் ஒரு முள் இருந்தது. இறந்துபோன மனைவி கல்யாணமான நாளிலிருந்து ஒரு பாட்டுப் பெட்டி கேட்டாள். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று சொல்லியே இவர் காலத்தைக் கடத்திவிட்டார். இப்போது வேறொருத்தியோடு போய் வாங்கி வந்திருக்கிறார். அக்காவிடம் காந்தம், கம்பி என்று வாதாடியவர், மறுநாள் காதுக்கடை அம்மாவுக்கு போன் போட்டார். “வெள்ளிக்கிழமை வேண்டாம்னு தோணுது. அவ கோபமா இருக்கா.”

அந்த அம்மா கோபப்படவில்லை. “சரி. வந்து கேட்டுட்டுப் போறேன்” என்று மட்டும் சொன்னார்.

வந்தார், கேட்டார், பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். என்ன பார்த்தார் என்று சொல்லவில்லை. “அந்தச் சித்தரையும், அவர் பார்த்த வீட்டுக்காரங்களையும் புதன்கிழமை சாயங்காலம் வரச்சொல்லுங்க. கல்லையும் கொண்டுவரச் சொல்லுங்க. அதுவரைக்கும் பாட்டுப் போடாதீங்க” என்றார்.

புதன்கிழமை டிரைவர் வீட்டுக் கூடத்தில் பதினோரு பேர். நான் அழைக்கப்படவில்லை, சர்க்கரை கேட்கப் போனேன். பெட்டிகளுக்கு முன்னால் ஒரு படுக்கை விரிப்பு திரையாகத் தொங்கியது. காதுக்கடை அம்மா கற்களை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் தன் டிபன் தூக்கோடு வெளியே வந்தார். “அக்கா, இதைக் கொஞ்சம் மடியில வச்சுக்கங்க. கீழ வச்சா யாராவது தட்டிவிட்டுடுவாங்க” என்று அதை அக்காவிடம் கொடுத்தார்.

“ஒரே பாட்டை ஆறு தடவை போடுவேன். எல்லாரும் கண்ணை மூடிக்கங்க. பக்கத்துக் கையைப் பார்த்துத் தன் கையைத் தூக்கறது என் கடையில காது டெஸ்ட் பண்ணும்போதும் நடக்கும். கல்லு வேலை செஞ்சு குரல் நிறைவா இருந்தா கையைத் தூக்குங்க. பெட்டிக்குள்ள இருக்கிறவங்க குரலைப் பிடிச்சிருந்தா தூக்காதீங்க. டிரைவர் மட்டும் கண்ணைத் திறந்து வச்சு எழுதிக்கட்டும்.”

“நாடி பிடிக்காம எப்படி, தாயி?” என்றார் சித்தர்.

“‘என் காது பொய் சொல்லாது’ன்னு போன வாரம் இதே வீட்டுல சொன்னீங்களாமே? அந்தக் காது போதும்.” சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனவர், அங்கிருந்தே கேட்டார்: “ஆரம்பிக்கலாமா ஐயா?”

சித்தர் பதில் சொல்லவில்லை.

“ஐயா, ஆரம்பிக்கலாமா?”

முடிதிருத்துபவர் அவர் தோளைத் தட்டி, “கேட்கறாங்க” என்றார். “ஆங், ஆங்” என்றார் சித்தர்.

பாட்டு ஆறு முறை ஓடியது. ஒவ்வொரு முறைக்கு முன்னாலும் திரைக்குப் பின்னால் கல் தேய்கிற சத்தம், ஒரு தடவை வைத்து ஒரு தடவை எடுக்கிறமாதிரி. முடிந்ததும் டிரைவர் படித்தார்: முதல் முறை எட்டு கை, அடுத்தது மூன்று, அடுத்தது ஏழு, பிறகு நான்கு, ஒன்பது, இரண்டு. சித்தர் கை மட்டும் ஒழுங்காக ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கியிருந்தது.

“கல்லு எப்பெப்ப இருந்துச்சு?” என்று கேட்டார் அம்மா.

“ஒண்ணு, மூணு, அஞ்சு” என்றார் வாத்தியார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். “அஞ்சாவது தடவை எனக்கு உடம்பே சிலிர்த்துது” என்றாள் அக்கா.

“அக்கா, அந்தத் தூக்கைத் திறங்க.”

திறந்தாள். உள்ளே இரண்டு கறுப்புக் கற்கள். திரையை இழுத்தார் அம்மா; பெட்டிக்கு அருகே ஒரு பழைய கூரை ஓடு கிடந்தது, அதைத்தான் தேய்த்திருக்கிறார்.

வாத்தியார் எழுந்து வந்து தூக்குக்குள் எட்டிப் பார்த்தார். அதற்குள் சித்தர் சுதாரித்துக்கொண்டார். “கல்லு தூரத்துல இருந்தும் வேலை செய்யும், தாயி.”

“அப்ப ரெண்டு, நாலு, ஆறுல ஏன் லீவு எடுத்துச்சு?”

சித்தர் அந்த அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போது ஞானி பார்க்கிறது மாதிரி எனக்குத் தெரியவில்லை.

“இங்க வந்து பாருங்க” என்றார் அம்மா. இடது பெட்டியைத் திருப்பினார். பின்னால் ஒரு சிவப்புக் கவ்வி, ஒரு கறுப்புக் கவ்வி. அவற்றில் இரண்டு வயர். பாட்டைப் போட்டு, இரண்டு வயரையும் இடம் மாற்றிச் செருகினார். குரல் கிணற்றுக்குள் போனது. மறுபடி மாற்றினார். நடுக்கூடத்தில் நின்று பாடுவதுபோல் திரும்பி வந்தது. “ஒரு பெட்டியில மட்டும் வயரைத் தலைகீழா மாட்டினா, ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்கும். குரல் செத்துப்போகும். அன்னிக்கு நான் வந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு. அன்னிக்கே சரி பண்ணிட்டேன். இப்ப ஆறு தடவையும் ஒரே மாதிரிதான் பாடுச்சு.”

பிறகு எங்கள் பக்கம் திரும்பிச் சாதாரணமாகக் கேட்டார்: “இவர் பின்னால கை விடறதுக்கு முன்னாடி, யார் வீட்டுலயாவது குரல் போயிருந்துச்சா?”

முடிதிருத்துபவர் தன் வீட்டை இரண்டு முறை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும், காது சிவந்துவிட்டது. அதற்குள் சித்தர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா பின்னால் போய், முன்னால் வந்து நின்று, வாய் தெரிகிறமாதிரி சொன்னார்: “காது ரொம்ப மந்தமா இருக்கு ஐயா. கடைக்கு வாங்க, டெஸ்ட்டுக்குக் காசு வாங்க மாட்டேன்.”

டிரைவர் இடது பெட்டியை விட்டு நகரவில்லை. “அப்ப அவ என்மேல கோபமா இல்லையா?”

“அது எனக்குத் தெரியாதுங்க. இந்தப் பெட்டிக்குள்ள இல்லைங்கறது மட்டும் தெரியும். அவங்களுக்கு வாங்கித் தரலைன்னு உங்களுக்கு வருத்தம். அது உங்களோடது, அதை வச்சுக்கங்க. அதுக்கு எதுக்குக் கல்லு?”

அவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு, “வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?” என்றார்.

“பத்தரை. சட்டையை இஸ்திரி போட்டுட்டு வாங்க.”

ஐந்தாவது தடவை கை தூக்கிய ஒன்பது பேரில் நானும் ஒருத்தி. சர்க்கரை வாங்கப் போனவளுக்கே குரல் நிறைவாகக் கேட்டதென்றால், அழைப்பு வாங்கிப் போனவர்களைக் கேட்கவா வேண்டும்? உங்கள் வீட்டுப் பெட்டி அழுதால், முதலில் பின்னால் எட்டிப் பாருங்கள். வயர் மாறியிருந்தால் மாற்றுங்கள். அப்படியும் அழுதால், இடது வயரை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாட்டுங்கள்; அழுகையும் கூடவே இடம் மாறினால் கோளாறு ஸ்பீக்கர் பெட்டியில் இல்லை, வயரிலோ ஆம்ப்ளிஃபயரிலோதான். இதற்கு இரண்டு கை போதும். தலைக்குள் இருப்பதையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இன்னும் சீக்கிரம் முடியும்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குக் கையெழுத்து ஆயிற்று. சாட்சிக் கையெழுத்து அக்கா போட்டாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. மறுவாரமே டிரைவர் ஸ்டீரியோவோடு காதுக்கடை மாடிக்குக் குடிபோய்விட்டார். சித்தர் அறையைக் காலி செய்துவிட்டு வேறு ஊர் போய்விட்டார். அங்கே குளிர்பதனப் பெட்டிக்கு நாடி பார்க்கிறாராம், வரிசை தெருமுனை வரை நிற்கிறதாம். கற்கள் இரண்டும் அக்காவிடம் இருக்கின்றன. கதவு காற்றில் அடிக்காமல் இருக்க வைத்திருக்கிறாள். நன்றாகவே வேலை செய்கின்றன.