வாரண்டி முடிந்த மூன்றாம் நாள்

சின்னசாமி ரிமோட்டைத் தொடையில் நாலு தட்டு தட்டினார். பேட்டரியைக் கழற்றி வேட்டியில் தேய்த்து மறுபடியும் போட்டார். டிவி கேட்கவில்லை.

"உயிரு ரிமோட்டுல இல்லியா, டிவில இல்லியா?" என்றாள் அவர் பெண்சாதி தாட்சாயணி.

"அதான் பாத்துக்கினு இருக்கேன்."

வீட்டில் ரெண்டு சுவர்க் கடியாரம். ரெண்டிலிருந்தும் பேட்டரியை உருவி ரிமோட்டில் போட்டார். கடியாரம் ரெண்டும் நின்றதுதான் மிச்சம்.

டிவிக்கு அடியில் ஒரே ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் கண்ணைத் திறக்கும். திறந்து, நாலு கட்டம் காட்டி, இதில் எது வேணும் என்று நிற்கும். பதில் சொல்ல ரிமோட்டால்தான் முடியும். சின்னசாமி விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். ரேகை விழுந்தது.

போன தசரா ஆஃபரில் புத்தூரில் வாங்கிய டிவி. வாரண்டி கார்டை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு வருசம். முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

"மூணு நாளு முன்னாடி கெட்டுப் போவக் கூடாதா இது?"

"இதுக்கு இன்னா கொற வெச்சேன்?" என்றாள் தாட்சாயணி. "ஆயுத பூசைக்கு மம்பட்டி, மிக்சி, உன் சைக்கிள் எல்லாத்துக்கும் பண்ணாப்புல இதுக்கும்தான் பொட்டு வெச்சி, பூ போட்டு, எலுமிச்சம்பழம் சுத்துனேன். நன்றி கெட்டது."

அவள் பதறக் காரணம் இருந்தது. ஆடி மாசம் ஊர்ப் பெண்களோடு கோலாட்டக் குழுவில் சேர்ந்தாள். பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டுச் சாயந்தரம் கோல் பிடித்துப் பழகினாள். "அம்பது வயசுல கோலு புடிச்சா மாடு ஓட்டத்தான் ஆவும்" என்று சின்னசாமி ஒரு நாள் வாயை விட்டுவிட்டார். ஒன்பது நாள் அவள் பேசவில்லை. இப்போது அதே குழு கார்த்திகையில் திருச்சானூர் அம்மன் உற்சவத்தில் வாகனத்துக்கு முன்னால் ஆடப் போகிறது. பக்தி சேனலில் நேரடியாக வரும்.

"நீ அங்க வராத. கூட்டத்துல உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு அடி தப்பிடும். வூட்ல குந்திக்கினு டிவில பாரு. எத்தினாவது வரிசையில ஆடுனேன், எங்க தப்பு பண்ணேன்னு வந்து கேப்பேன்."

"கேளு. சொல்றேன்" என்று சின்னசாமி வாக்குக் கொடுத்துவிட்டார்.

பக்கத்து வீட்டுச் சண்முகத்திடமும் டிவி உண்டு. ஆனால் அவன் பெண்சாதியைக் குழுவில் சேர்க்கவில்லை. அந்த வீட்டில் கோலாட்டம் ஓடாது.

மறுநாள் புத்தூருக்குப் போய், எல்லா டிவிக்கும் ஆகும் என்ற ஒரு ரிமோட்டை வாங்கி வந்தார். கடைக்காரர் தன் டிவியில் போட்டுக் காட்டித்தான் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அமுக்கினார். ஒன்றும் இல்லை. ஜன்னல் பக்கம் நின்று வளைத்து வளைத்து அமுக்கினார்.

சண்முகம் ஓடிவந்தான்.

"அண்ணா, எங்க டிவில சேனலு தானா மாறுது. சத்தம் ஏறுது, எறங்குது. உங்க வூட்லயும் அப்பிடியா?"

"எங்களுது அந்த அளவுக்கெல்லாம் வளரல," என்றார் சின்னசாமி, ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

அடுத்து பிச்சாட்டூர் மெக்கானிக் வேணு வந்தான். ரிமோட்டைச் செல்போன் கேமராவுக்கு நேராக அமுக்கிப் பார்த்தான். போனில் வெளிச்சம் தெரிந்தது.

"ரிமோட்டு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. உள்ள போர்டு போயிருக்கும். எப்ப வாரண்டி முடிஞ்சிது?"

"இது கெடறதுக்கு மூணு நாளு முன்னாடி."

வேணு சிரித்தான். "கம்பெனிக்காரனுங்க உள்ள நாளு குறிச்சி அனுப்புறானுங்கண்ணா. வாரண்டி முடிஞ்சா டக்குனு நின்னுடும்."

இதைக் கேட்டதும் சின்னசாமிக்கு வைராக்கியம் வந்துவிட்டது. "கயட்டு," என்றார்.

வேணு டிவியின் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மெத்தை மேல் குப்புறப் படுக்கவைத்து, முதுகைத் திறந்தான். வேறொரு டிவியின் போர்டைப் போட்டான். பட்டனை அமுக்கினான். நாலு கட்டமும் தலைகீழாக வந்து எது வேணும் என்றன.

"வேற மாடலு போர்டுண்ணா, அப்பிடித்தான் வரும். டிவியத் தலைகீழா மாட்டிக்கினா படம் நேராயிடும்."

"ரிமோட்டு?"

"அது போவப் போவ கேக்கும்."

தலைகீழாக மாட்டினார்கள். மாட்டும்போது ஒரு ஆணி பிடிக்காமல் டிவி சுவரில் இடித்து ஒரு பக்க ஸ்பீக்கர் ஊமையானது. கட்டங்கள் நேராக நின்றன. அடியில் இருந்த பொட்டு உச்சிக்குப் போய், டிவிக்கு நெற்றி முளைத்தது போல இருந்தது. சண்முகம் எட்டிப் பார்த்து, "எங்களுது அந்த அளவுக்குப் போகலண்ணா," என்றான்.

ரிமோட்டு போகப் போகவும் கேட்கவில்லை.

உற்சவமும் வந்துவிட்டது. தாட்சாயணி பச்சைப் பட்டும் கோலும் எடுத்துக்கொண்டு, வீட்டில் இருந்த ஒரே பெரிய போனையும் எடுத்துக்கொண்டு, முந்தின நாளே குழுவோடு வேன் ஏறினாள். "டிவி சரியாயிடுமா?" என்று வேனிலிருந்து கேட்டாள். "ஆவாம எங்க போவும்" என்றார் சின்னசாமி.

விடிந்ததும் டிவியைப் போர்வையில் சுற்றி, திருப்பதி பஸ்ஸில் ஏற்றி, பக்கத்தில் குழந்தை மாதிரி உட்காரவைத்தார். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கிழித்தார். கம்பெனி சர்வீஸ் சென்டர் கதவு திறக்கும்போது ஒன்பது மணி. அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே இன்ஜினியர் யஸ்வந்த் கார்டைப் பார்த்தான். "வாரண்டி அயிபோயிந்தி அண்ணா. முடிஞ்சி போச்சி. அதும் மேல யாரோ தெறந்திருக்காங்க. நாங்க தொடக் கூடாது."

சின்னசாமி டிவியை மேசை மேல் வைத்தார். தலைகீழாக வைத்தார். எதிரே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஒம்பதரைக்கு என் பொண்டாட்டி இதுல வருவா. பாத்துட்டுப் போறேன்."

"எதுல, நியூஸ்லயா?"

"கோலாட்டம். திருச்சானூர்ல."

யஸ்வந்த் அவரை ஒரு மாதிரி பார்த்தான். "அண்ணா, திருச்சானூரு இங்கேருந்து ஆட்டோல பத்து நிமிஷம். நேர்ல போய்ப் பாக்கலாமே?"

"நேர்ல வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. டிவிலதான் பாக்கணும். வாக்கு குடுத்துட்டேன்."

"அங்க நிக்கிற டிவில போடட்டுமா? புதுசு."

"என் டிவில பாக்கறேன்னு சொன்னேன்."

யஸ்வந்த்துக்கும் வீட்டில் பெண்சாதி இருந்தாள். ஒயரைச் செருகினான். பட்டனை அமுக்கினான். நாலு கட்டம் வந்தது. சென்டரில் இருந்த ஏழு ரிமோட்டையும் ஒவ்வொன்றாக அமுக்கினான். கேட்கவில்லை. பின்னால் ஒரு பென்டிரைவைச் செருகி, "சாஃப்ட்வேர் ஏத்துறேன், அஞ்சு நிமிஷம்" என்று உள்ளே போனான்.

அஞ்சு நிமிஷம் என்றால் எவ்வளவு நேரம் என்று சின்னசாமிக்குத் தெரியாது. கூட்டிப் பெருக்குகிற லட்சுமம்மா வரிசையாக டிவிகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் காலைத் தூக்கச் சொன்னாள். தூக்கினார். சுவரில் மணி ஒன்பது இருபத்தெட்டு.

யஸ்வந்த் வந்தான். பென்டிரைவைப் பிடுங்கினான். ரிமோட்டை அமுக்கினான்.

கட்டம் நகர்ந்தது.

பக்தி சேனலில் மேளச் சத்தம் ஒரு பக்க ஸ்பீக்கரில் வந்தது. யானை போனது. கொடி போனது. பிறகு பச்சைப் பட்டு. மூன்றாவது வரிசை, இடது ஓரம், தாட்சாயணி. குனிந்து ஒரு அடி, சுற்றி ஒரு அடி. கரும்பு வெட்டுகிற கை அப்படி வளையும் என்று சின்னசாமிக்கு இத்தனை வருசம் தெரியாது. ஒரு இடத்தில் கோல் தப்பியது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். உலகத்தில் வேறு யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"மூணாவது வரிசை," என்றார் சின்னசாமி, கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டே. "திரும்பும்போது ஒரு தப்பு."

யஸ்வந்த் நெஞ்சை நிமிர்த்தினான். "எல்லாம் சாஃப்ட்வேருண்ணா. நான் பண்ண வேலைக்கு மூணு மாசம் வாரண்டி எழுதித் தரேன்."

சின்னசாமி டிவியைப் போர்வையில் சுற்றப் போனவர் நின்றார். வேணு சொன்னது ஞாபகம் வந்தது.

"அப்ப மூணு மாசம் முடிஞ்ச மறுநாளு மறுபடியும் நின்னுடுமா?"

யஸ்வந்த் பேனாவைத் தேடினான். துணியைப் பக்கெட்டில் பிழிந்துகொண்டிருந்த லட்சுமம்மாதான் பதில் சொன்னாள்.

"அதெல்லாம் நிக்காதுண்ணா, அடுத்த ஆயுத பூசைக்குப் பொட்ட ரெண்டு வெரலு தள்ளி வெக்கச் சொல்லு, ரிமோட்டு பாக்குற கண்ணு மேலயே சந்தனத்த அப்பி வெச்சிருந்தீங்க, இப்பத்தான் நான் தொடச்சி வுட்டேன்."