குறட்டை விட்டால் மிக மிக நல்லது

இந்த ஞாயிறு மதியம் தூங்கியே தீருவது என்று சபதம் எடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு மதியம் என்றால் எங்கள் வீட்டில் பரண் சுத்தம் செய்யும் நேரம். ஏறுவது நான். மேற்பார்வை மனைவி.

தூக்கம் வருகிறது என்று நான் சொன்னால் நம்பமாட்டாள். அதையே போனில் மூன்று பேர் அனுப்பிவிட்டால் அவளுக்கு வேதவாக்கு. ஆகவே சனிக்கிழமை, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற என் வேலையை ஓரங்கட்டிவிட்டு ஒரு செய்தி தயாரித்தேன்.

"நாற்பது தாண்டிய கணவர்கள் ஞாயிறு மதியம் கட்டாயம் தூங்க வேண்டும். எழுப்பினால் இதயத்துக்கு ஆபத்து. குறட்டை விட்டால் மிக மிக நல்லது. நிபுணர்கள் எச்சரிக்கை!"

நேரே அவளுக்கு அனுப்ப நான் என்ன மடையனா? எங்கள் கடை கேஷியருக்கு அனுப்பினேன். எது வந்தாலும் படிக்காமலே எல்லா குரூப்பிலும் தள்ளிவிடுகிற புண்ணியவான் அவர்.

ஞாயிறு மதியம் தலையணையைத் தட்டிப் போட்டேன். மனைவி ஓடி வந்தாள்.

"ஐயோ, படுக்காதீங்க! உயிருக்கே ஆபத்தாம்!"

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். "நாற்பது தாண்டிய கணவர்கள் ஞாயிறு மதியம் தூங்கவே கூடாது. குனிந்து நிமிர்ந்து தரை துடைத்தால் மிக மிக நல்லது. நிபுணர்கள் எச்சரிக்கை!" அடப்பாவிகளா, என் நிபுணர்கள்!

"இது பச்சைப் பொய்!"

"பொய்யா? என் தங்கச்சி அனுப்பியிருக்கா. மாடி வீட்டு அக்கா அனுப்பியிருக்காங்க. உங்க கேஷியரே அனுப்பியிருக்காரு."

அதற்குள் என் போன் அடித்தது. அம்மா.

"டேய், படுத்துட்டியா? எந்திரிடா! துணியை எடுத்துத் துடைடா!" அழுதேவிட்டாள். பெற்ற வயிறு.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். எதிர்க் கட்டடத்தில் மாடிக்கு மாடி ஓர் ஆண் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். பல் டாக்டர் வாசற்படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டரே! வீட்டில் தரை தீர்ந்துபோன பஸ் டிரைவர் நடுரோட்டுக்கு இறங்கிவிட்டார். பின்னால் வந்த கார், ரோடு காயட்டும் என்று காத்து நின்றது.

"யாரோ மாத்திட்டாங்க! நான் எழுதினது..." நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நான்தான் மாத்தினேன்" என்றாள் சாவதானமாக. "கேஷியர் சம்சாரம் என் தையல் கிளாஸ் குரூப்ல இருக்காங்க. நீங்க கடையை விட்டு இறங்கறதுக்குள்ள எனக்கு வந்துடுச்சு. மாத்தி உங்க கேஷியருக்கே திருப்பி அனுப்பிட்டேன்."

"நான்தான் எழுதினேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"குறட்டை விட்டா நல்லதுன்னு உங்களைத் தவிர எந்த மனுஷன் எழுதுவான்?"

"இப்பவே எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிடறேன்!"

"தாராளமா. நீங்க ஒருத்தர் சொல்லி யாரு நம்பப் போறா?"

போன் மறுபடி சிணுங்கியது. பல் டாக்டர் ஒரு குரூப் ஆரம்பித்திருந்தார். பெயர்: 'தூக்கத்தைக் கெடுத்தவனைப் பிடிப்போம்'. தெருவிலுள்ள கணவர்கள் மொத்தப் பேரும், ஈரத் துணியும் கையுமாக, அதில் சேர்ந்துவிட்டார்கள்.

முதல் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை ஏகமனதாக எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். சிபாரிசு, என் மனைவி.