சுருள் பூச்சிப் போர்

பயிர்ப் பாதுகாப்பின் சரித்திரத்தில், வேப்பந்தட்டையில் பத்து சென்ட் கடலைக் கொல்லையில் நடந்த சுருள் பூச்சிப் போரைவிட மகத்தான போர் வேறு நடந்ததில்லை. விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் சிங்காரவேலு தம் கைப்பட எழுதிய அறிக்கையின் முதல் வாக்கியம் இது. ஜெயித்தவர் யார் என்பதையும் அவரே எழுதியிருந்தார். அடக்கம் கருதி, பக்கத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் பெயரைப் போடவில்லை. பிற்காலத்தில் இந்தக் கதையைச் சொல்லித் தம்மை அதிகமாகக் கேலி செய்துகொண்டவரும் அவர்தான்.

நாற்பத்தேழாம் வருஷம், ஆவணி மாதம். சுதந்திரம் வந்துவிட்டது, மழை வரவில்லை. பெரம்பலூர்ச் சீமை முழுவதும் கடலைச் செடி தலை தொங்கி நின்றது. செடி வாடினால் சுருள் பூச்சிக்குக் கொண்டாட்டம். இலையை மடித்து, உள்ளே குடித்தனம் வைத்து, பச்சையைச் சுரண்டித் தின்னும். தூரத்திலிருந்து பார்த்தால் கொல்லைக்கு யாரோ நெருப்பு வைத்த மாதிரி இருக்கும். நல்ல மழை ஒன்று பெய்தால் பூச்சி போய்விடும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். சிங்காரவேலு அதைப் 'பாமர நம்பிக்கை' என்று டைரியில் குறித்துக்கொண்டார். இலாகாவின் மருந்துப் பட்டியலில் மழை கிடையாது.

அவர் வேலையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியும் இன்னும் 'தற்காலிகம்'தான். மாதக் கடைசியில் திருச்சியிலிருந்து மேலதிகாரி வரப்போகிறார். ஒரு கொல்லையாவது பச்சையாக இருந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஆகவே அவர் வீராயியின் கொல்லையில் பத்து சென்டை 'மாதிரிக் கொல்லை' என்று பிரகடனம் செய்தார். வீராயி, புருஷன் போன பிறகு இரண்டு ஏக்கர் மானாவாரியைத் தனியாகப் பார்த்துக்கொள்பவள். அடுத்த வருஷ விதைக்குத் தேறினால் போதும் என்று ஒப்புக்கொண்டாள்.

மருந்து, புகையிலைக் கஷாயம். புகையிலையைத் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, இலைமேல் தெளிக்க வேண்டும். புகையிலையை இலாகா கொடுத்தது. தண்ணீருக்குத்தான் வழியில்லை. ஊர்க் கிணறுகளில் வாளி தரை தட்டியது. டிராவலர்ஸ் பங்களாவின் சர்க்கார் கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. அது எப்போதாவது வரும் அதிகாரிகள் குளிப்பதற்கு. பாசனத்துக்கு அதில் ஒரு சொட்டு எடுக்கக்கூடாது என்பது சட்டம். மருந்து கரைக்க எடுக்கக்கூடாது என்று சட்டத்தில் இல்லை. 'மருந்துக்காக, இரண்டு குடம்' என்று சிங்காரவேலு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மறுநாளே வீராயி ஆபீசுக்கு வந்து நின்றாள். மருந்து ரொம்பக் காரமாக இருக்கிறது, இலை கருகிவிடும் போலிருக்கிறது என்றாள். சீட்டு பத்துக் குடமாயிற்று. அதற்கு மறுநாளும் காரம் அடங்கவில்லை. வாரம் முடிவதற்குள் மாட்டு வண்டியில் பீப்பாயை ஏற்றித் தினம் ஐந்து நடை அடித்தார்கள். விஞ்ஞானத்தில் இவ்வளவு ஈடுபாடுள்ள குடியானவப் பெண்ணைத் தாம் கண்டதில்லை என்று டைரியில் ஒரு பக்கம் எழுதினார் சிங்காரவேலு.

பதினைந்தாம் நாள், சுற்றிலும் கொல்லைகள் கருகிக் கிடக்க, பத்து சென்ட் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. புதுக் கொழுந்தில் ஒரு சுருள் கிடையாது. மறுநாள் மேலதிகாரி வருகிறார். அவர் முன்னால் செய்து காட்ட வேண்டும், இப்போது ஒரு தடவை தெளித்துக் காட்டு என்றார் சிங்காரவேலு. வீராயி ஒரு குடத்தைத் தூக்கிச் செடியின் தலையோடு ஊற்றினாள். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது.

"ஏம்மா, கஷாயம் எங்கே?"

"பொகையிலையா சார்? நாங்க ஆறு பொம்பளைங்க வெத்தலையோட போட்டுக்கிட்டோம். நல்ல காரம். தண்ணிய மட்டும் மழ பெஞ்சாப்புல செடிக்கு ஊத்துனோம்."

சிங்காரவேலு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய விஞ்ஞானம் முழுவதும் ஆறு பேருடைய கடைவாயில் அரைபட்டுப் போயிருந்தது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பயம் ஒரு பங்கு கூடுதல். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று வீராயியைக் கேட்டுக்கொண்டார். விதை தேறும்வரை வண்டி வந்தால் சரி என்று அவள் பெரிய மனது பண்ணினாள்.

மேலதிகாரி வந்தார், சர்க்கார் கிணற்றில் மிச்சமிருந்ததில் குளித்தார், கொல்லையைப் பார்த்து மெய்சிலிர்த்தார். கஷாயத்தைத் தவிர வேறு ஏதாவது செய்தீர்களா என்று கேட்டார். சிங்காரவேலு வாயைத் திறந்தார். உண்மை நாக்கு நுனிவரை வந்து, அங்கேயே ஓய்வெடுத்துக்கொண்டது. கஷாயம் மட்டும்தான் என்றார்.

வேலை அந்த வரப்பிலேயே நிரந்தரமாயிற்று. நாற்பது கிராமங்களுக்குப் புகையிலை அனுப்பவும், செய்முறையை நோட்டீஸ் அடித்துக் கொடுக்கவும் உத்தரவாயிற்று. மனசாட்சி உறுத்தியதால், கூடவே கொஞ்சம் தண்ணீரும் அனுப்பினால் நல்லது என்று சிங்காரவேலு மெதுவாக ஆரம்பித்தார்.

"தண்ணீர் நம்ம இலாகா இல்லையே" என்றார் மேலதிகாரி.

ஒரு மாதம் கழித்து, ரஞ்சன்குடியிலிருந்து கருப்பண்ணன் என்ற குடியானவர் நடந்தே வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வேரோடு பிடுங்கிய ஒரு கடலைச் செடியை மேஜைமேல் வைத்தார். தொட்டதும் அது நொறுங்கியது. நாலு ஏக்கரும் இப்படித்தான் என்றார்.

"வூட்டுல புள்ளைங்க குடிக்க வச்சிருந்த தண்ணிய எடுத்துத்தான் சார் கரைச்சேன். நோட்டீசுல போட்டபடியே இலைமேல தெளிச்சேன், கீழ ஒரு சொட்டு சிந்தல. மருந்துல குத்தம் இருக்காதுங்க. நான்தான் எங்கியோ தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கணும்."

தப்பு எங்கே என்று சிங்காரவேலுவுக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேஜைமேல் உதிர்ந்த சருகைக் கையால் துடைத்தார். பிறகு, ஒரு நிரந்தர உத்தியோகஸ்தருக்கே உரிய பெருந்தன்மையோடு, கருப்பண்ணனை மன்னித்து அனுப்பினார்.