ட்யூப் இல்லாத டயரும் உன் மச்சானும்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது,

ஆண்டவன் அருளால் நானும் உன் மச்சானும் நலம். சைக்கிள் இரண்டும் நலம். உன் சைக்கிள் கடை செழிக்கவும், உன் முதுகுவலி போகவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். நிற்க.

நீ ஆசையாக மாட்டிக் கொடுத்த ட்யூப்லெஸ் டயர்களைத் திருப்பி எடுத்துக்கொள். குறை டயரில் இல்லை, என் வாயில். நீ ஊருக்குப் போன நாளிலிருந்து உன் மச்சான், "ட்யூப் இல்லாம ஒரு டயரா? நடுரோட்டுல காத்து போனா யாரு வந்து தூக்குவா? பேசாம முன்ன மாதிரி என் கேரியர்ல உக்காரு" என்று ஒரே பாட்டு. ஐம்பது வயதில் விழுந்து எழுந்து சைக்கிள் கற்றுக்கொண்டு, பிரார்த்தனைக் கூடத்துக்குத் தனியாகப் போய்வரும் சுகத்தை விட்டுவிட்டு மறுபடியும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு போவதா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "உங்க ட்யூப் மட்டும் என்ன இரும்பா? வாங்க, பாத்துடலாம்" என்றேன். கட்டட வேலை நடக்கிற சாலை வழியாகப் போவது, வழியில் யார் இறங்குகிறார்களோ அவர்கள் இனிமேல் மற்றவர் கேரியரில்தான் என்று பந்தயம்.

அங்கே ஆணியை விதைத்தே வைத்திருந்தார்கள், தம்பி. பாதி வழியில் என் பின்சக்கரம் புஸ்ஸென்று சீறி, ஓட்டையைத் தானே அடைக்கும் என்று நீ டயருக்குள் ஊற்றிய அந்தப் பஞ்சர் பால், பிரார்த்தனைக்கென்று துவைத்து வைத்த உடுப்பெல்லாம் தெறித்து, நான் கடவுளையும் கூப்பிட்டேன், உன்னையும் கூப்பிட்டேன். கடவுளை மட்டும் மரியாதையாக. இறங்கி, நீ சொன்னபடி ஆணியைப் பிடுங்கி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பினேன். பால் போய் அடைத்துக்கொண்டது. பம்ப் அடித்ததும் டயர் கல்லு மாதிரி! ஆனால் இறங்கினது இறங்கினதுதானே? உன் மச்சானோ அதே ஆணிகள்மேல் ராஜா மாதிரி ஓட்டிப் போய், திரும்பி வந்து, என்னைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டு, "என்ன மேடம், கேரியர் காலியா இருக்கு, ஏறிக்கிறீங்களா?" என்றார். வெறும் ட்யூப், தம்பி! "எதுக்கும் நம்பிக்கை வேணும்" என்று எனக்கே பிரசங்கம் வேறு. ஆண்டவனே அவர் கட்சி என்றால் நான் என்ன செய்ய? கொடுத்த வாக்கு வாக்குதான். மிச்சப் பால் பாட்டிலையும் தந்துவிடுகிறேன். என் வழக்கம் தெரியுமே, எண்ணெய், தேன், மருந்து எல்லாவற்றுக்கும் போடுவதுபோல் அதற்கும் பென்சிலால் அளவுக் கோடு போட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் என் ஆசிகள். உங்கள் சக்கரங்களை ஆண்டவன் கோணாமல் ஓட்டட்டும்.

இப்படிக்கு,
தோற்றுப்போன அக்கா

பி.கு.: பாட்டிலைக் கட்டி வைக்க எடுத்தேன். பால், கோட்டுக்கு நாலு விரல் கீழே நிற்கிறது! நேரே போய் அவர் சைக்கிளைப் பார்த்தேன். டயரில் மூன்று ஆணி, ஒவ்வொன்றைச் சுற்றியும் வெள்ளையாக உலர்ந்த பால். "என்னங்க இது?" "அது வந்து... நீ இவ்வளவு நம்புறியேன்னு நானும் ட்யூபுக்குள்ள கொஞ்சூண்டு..." "கொஞ்சூண்டா? நாலு விரலு!" சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கிறது, அவருக்குக் காது சிவந்துவிட்டது. டயரைக் கேட்டு இந்தப் பக்கம் வராதே, தரமாட்டேன். இன்னொரு பாட்டில் பால் அனுப்பு. கூடவே என் கேரியருக்கு மெத்தென்று ஒரு சீட்டும் அனுப்பு. நாளைக் காலை பிரார்த்தனைக்கு உன் மச்சான் என் முதுகைப் பார்த்துக்கொண்டு வரப்போகிறார்.