மாப்பிள்ளை படித்த கல்வெட்டு

எல்லாம் தெரிந்தவன்போல் பேசுவதில் ஆபத்து ஒன்றும் இல்லை, கேட்பவர்கள் நம்பாதவரை. நம்பிவிட்டால்தான் வினை. எனக்கு வாய்த்த மாமனார் நம்பிவிட்டார்.

எழுபதுகளின் நடுவில் நான் சென்னையில் ஒரு கல்லூரி நூலகத்தில் எழுத்தர். புத்தகங்களுக்கு எண் எழுதி ஒட்டுவது என் வேலை. அந்தக் கல்லூரியில் ஒரு முறை, பழைய கல்வெட்டு எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் மாலை வகுப்பு பத்து நாள் நடந்தது. நான் இரண்டு நாள் போனேன். (மூன்றாம் நாள் மழை. நான்காம் நாள் மழை இல்லை, ஆனால் பழக்கம் விட்டுப்போயிற்று.) அந்த இரண்டு நாளில் மூன்று விஷயம் கற்றேன். கல்வெட்டுகள் பெரும்பாலும் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்கும். கோயிலுக்குக் கொடுத்த கொடை என்றால் 'இது பன்மாஹேஸ்வர ரக்ஷை' என்று முடியும். அந்தக் கால 'க' ஒரு சிலுவை மாதிரி இருக்கும், 'ர' ஒரு நெட்டைக் கோடு மாதிரி இருக்கும். தொடக்கமும் தெரியும், முடிவும் தெரியும், நடுவில் இரண்டு எழுத்தும் தெரியும். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

திருத்தணியில் பெண் பார்க்கப் போனபோது, என் சம்பளத்தைக் கேட்டதும் அங்கே ஒரு மௌனம் விழுந்தது. அதை நிரப்புவதற்காக என் பெரியப்பா, "பையன் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டெல்லாம் படிப்பான்" என்று எடுத்துவிட்டார். மறுத்திருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கம்போல.

என் மாமனார் துரைசாமி வீட்டிலேயே நான்கு தறி வைத்திருந்தார். அதிகம் பேசாதவர். கல்யாணமாகி மூன்றாம் மாதம், வைகாசி வெயிலில் எங்களை வரச்சொல்லிக் கடிதம் போட்டார். இரவு போய் இறங்கினோம். விடிவதற்குள் எழுந்து பார்த்தால், கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு வாடகை அம்பாசிடர் வந்து வாசலில் நிற்கிறது.

"பழைய கோயிலுங்க மூணு பாத்துட்டு வந்துடலாங்க மாப்பிள்ள. தறியிலயே உக்காந்துகினு ஆயுசு போயிடுச்சி. படிச்சவரு நீங்க கூட இருந்தா நாலு வெசயம் புரியும்" என்றார்.

என் மனைவி சரோஜா புளிச்சோற்றுத் தூக்கோடு பின்னால் ஏறிக்கொண்டாள். விடியற்காலையிலேயே கிளம்பினோம்.

அந்தக் காருக்குத் தாகம் அதிகம். அரைமணிக்கு ஒரு முறை மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்கெங்கே கிணறு இருக்கிறது என்பதை வைத்துத்தான் டிரைவர் வழியைத் தேர்ந்தெடுத்தார் என்று நினைக்கிறேன். தக்கோலம் போய்ச் சேர்வதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

ஆனால் வாய் விட்டுப்போகவில்லை. தக்கோலத்தில் தட்சிணாமூர்த்தி மற்ற கோயில்களில் உள்ளதுபோல் இல்லாமல் வேறு மாதிரி உட்கார்ந்திருப்பார். ஏன் அப்படி என்று மாமனார் கேட்டார். "இந்த ஊரில் பெரிய போர் நடந்தது இல்லையா மாமா? அந்தக் கவலை" என்றேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தூணில் ஒரு பெண் சிற்பம் இருந்தது. இடையிலிருந்து துணி மடிப்பு மடிப்பாக இறங்கியது. "சீனத்துப் பட்டு. கப்பலில் வந்தது" என்றேன்.

மாமனார் குனிந்து அந்த மடிப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். "பட்டு இல்லீங்க மாப்பிள்ள, நூலுத்துணி. பட்டுன்னா மடிப்பு இப்படி நிக்காது, வழுக்கிகினு போயிடும். கரைய பாருங்க, ரெட்டக் கரை. செதுக்கினவன் தறி கிட்ட நின்னு பாத்திருக்கான்" என்றார். பிறகு, என்னைத் திருத்திவிட்டோமே என்று அவருக்கே சங்கடமாகிவிட்டது. "துணி எனக்கு, எழுத்து உங்களுக்கு" என்று சிரித்தார்.

அந்த இடத்தில் சரோஜா என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள்: "உங்களுக்கு நெஜமாவே படிக்கத் தெரியுமா?"

"தெரியாமலா சொல்றேன்?"

அவள் தூக்கைக் கைமாற்றிக்கொண்டாள்.

திருவாலங்காடு போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி. பிரகாரத்துக் கல் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. காலைத் தூக்கி ஆடுகிற நடராஜரைப் பார்க்க, நாங்களும் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கித்தான் போனோம். அங்கே சுவரில் இருந்த கல்வெட்டைப் பார்த்து, "ஸ்வஸ்திஸ்ரீ... விளக்குக்கு நெய்... இது பன்மாஹேஸ்வர ரக்ஷை" என்று ஓட்டமாக ஓட்டினேன். மாமனாரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பக்தி என்று நினைத்தேன். இல்லை, அது திருப்தி. இந்த ஆள் போதும் என்கிற திருப்தி.

கனகம்மாசத்திரம் தாண்டிக் கார் ஒரு மண்சாலையில் திரும்பியதும்தான் அவர் உண்மையைச் சொன்னார்.

"இது எங்க ஊருங்க மாப்பிள்ள. பதினோரு வருஷமா நான் இங்க கால் வெக்கல."

விஷயம் இதுதான். அவருடைய மூதாதையர்களில் அண்ணன் தம்பி இருவர். பெரியண்ணன், சின்னண்ணன் என்று பெயர். அவர்களில் ஒருவர் அந்த ஊர்ச் சிவன் கோயிலுக்கு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, வைத்து அதன் நெய்க்கு ஆடும் விட்டாராம். வைத்தவர் வாரிசுக்குத்தான் திருவிழாவில் முதல் மரியாதை. மாமனார் பெரியண்ணன் வழி. அவருடைய பங்காளி கன்னியப்பன் சின்னண்ணன் வழி. யார் விளக்கு என்ற சண்டையில் இருவரும் பதினோரு வருடமாகப் பேச்சை விட்டுவிட்டார்கள். மாமனார் ஊரையே விட்டுவிட்டார். கோயில் சுவரில் ஒரு கல்லில் அது எழுதியிருக்கிறது என்று மட்டும் அவர் அப்பா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். படிக்க ஆள் இல்லை.

"இப்ப ஆள் வந்துட்டீங்க" என்றார் மாமனார். "கன்னியப்பனையும் வரச்சொல்லி ஆள் அனுப்பிட்டேன். ஊரு முன்னால படிச்சா பொய்யின்னு யாரும் சொல்ல முடியாது பாருங்க."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். 'மாமா, எனக்குத் தெரியாது' என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். சொல்லவில்லை. காரின் தண்ணீர் தீர்ந்து வழியிலேயே நின்றுவிடாதா என்று பார்த்தேன். காலையிலிருந்து நின்று நின்று வந்த அந்தக் கார், அந்த ஒரு மைலும் பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுபோவதுபோல் பதமாகப் போயிற்று.

கோயிலில் முப்பது நாற்பது பேர். எனக்காக ஒரு நாற்காலி. ஒருவர் குடை பிடித்தார். கருவறைச் சுவரின் அடியில், முழங்கால் உயரத்தில் அந்தக் கல். குருக்கள் எழுத்து தெரிவதற்காக அதன்மேல் விபூதியைத் தேய்த்தார். நான்கு வரி. எதிரே, கைகட்டி, மெலிந்த ஒரு மனிதர் நின்றார். அவர்தான் கன்னியப்பன். மாமனார் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"எழுத்து ரொம்பத் தேய்ஞ்சிருக்கு" என்று ஆரம்பித்துப் பார்த்தேன். குருக்கள் இன்னும் கொஞ்சம் விபூதி தேய்த்தார்.

"வெளிச்சம் போதாது" என்றேன். உச்சி வெயில். குடையை மடக்கினார்கள்.

வேறு வழியில்லை. குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சிலுவை தெரிந்தது. இரண்டு நெட்டைக் கோடு தெரிந்தது. மற்றதெல்லாம் கோழி கிளறிய மண். பின்னால் மாமனார் மூச்சு விடுவது கேட்டது. "பெரியண்ணன்னு இருக்குதா பாருங்க" என்று அவர் தணிந்த குரலில் சொன்னார். அந்தக் குரலில் பதினோரு வருடம் இருந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. (தைரியம் வரவில்லை என்பது சரியான வார்த்தை.)

"ஸ்வஸ்திஸ்ரீ!" என்று உரக்கப் படித்தேன். "இவ்வூர் நெசவாளன் பெரியண்ணன், இத்தேவர்க்கு வைத்த நந்தா விளக்கு ஒன்றுக்குக் கொடுத்த ஆடு தொண்ணூற்றாறு... இது பன்மாஹேஸ்வர ரக்ஷை!"

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தில் சத்தமே இல்லை. அந்த அமைதியை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

கன்னியப்பன் இரண்டடி முன்னால் வந்தார். "நல்லா படிச்சீங்க. இன்னொரு தபா படிங்க மாப்பிள்ள" என்றார், மிகவும் பணிவாக.

படித்தேன். இந்த முறை ஆடு தொண்ணூறு ஆகிவிட்டது.

"ஆறு ஆடு மேயப் போயிடுச்சாங்க?" என்றார் அவர். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "பெரியண்ணன்ற பேரு எங்க கீது, விரல வெச்சி காட்டுங்க."

விரலை வைத்தேன். எங்கேயோ வைத்தேன்.

"அப்ப சரி" என்றார் கன்னியப்பன். "ஒண்ணே ஒண்ணுங்க மாப்பிள்ள. அஞ்சு வருஷத்துக்கு முன்னால இந்த செவுரு சரிஞ்சி, பிரிச்சி கட்டினோம். கொத்தன் இந்த கல்லை தலைகீழா வெச்சிட்டான். நீங்க படிச்சது தலைகீழாங்க."

ஊருக்கே தெரியும். ஊரை விட்டுப்போன மாமனாருக்குத்தான் தெரியாது. எனக்கும் தெரிய வழியில்லை. சிலுவையும் நெட்டைக் கோடும் எப்படித் திருப்பினாலும் அதேதானே!

முதலில் குருக்களின் தோள் குலுங்கியது. பிறகு டிரைவர். பிறகு கோயிலே சிரித்தது. குடைக்காரர் குடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். பின்வரிசையில் ஓர் அம்மாள், "திருவாலங்காட்டுக்கு அந்த காலத்துல ஒரு அடியாரம்மா தலையாலயே நடந்து வந்தாங்கன்னு சொல்லுவாங்க, தலையாலயே படிக்கிறவர இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாள். நான் குந்தியபடியே இருந்தேன். எழுந்தால் முகத்தைக் காட்ட வேண்டும்.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக வந்தார், உடம்பை வளைத்துத் தலையைக் கீழே சாய்த்து அந்தக் கல்லைப் பார்த்தார். நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. பதினோரு வருடத்தில் முதல் முறையாகப் பங்காளியின் முகத்தைப் பார்த்தார்.

"ஏண்டா கன்னியப்பா, நெஜமாவா?"

"ஆங், அண்ணா."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நீ பேசினாத்தான சொல்றதுக்கு?" என்றார் கன்னியப்பன். "கவர்மெண்டு ஆளுங்க வந்து, தாளு ஒட்டி, மை போட்டு படி எடுத்துகினு போனாங்கண்ணா. ஏரி மதகு ஒடஞ்சா யாரு கட்டணும்னு எழுதியிருக்குதாம். விளக்கும் இல்ல, ஆடும் இல்ல. உங்க பெரியண்ணனும் இல்ல, எங்க சின்னண்ணனும் இல்ல. மூணு வருஷமா இத்த மனசுல வெச்சிகினு யார்கிட்ட சொல்றதுன்னு திரியிறேன்."

பிறகு கன்னியப்பன் என்னைக் கண்ணால் காட்டி, "எங்கேந்துண்ணா புடிச்ச இவர?" என்று கேட்டார்.

"மெட்ராஸ்லடா" என்றார் மாமனார். அலுப்பும் ஆத்திரமுமாகத்தான் ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து, கன்னியப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை எடுக்கவில்லை. பதினோரு வருடம் பேசாத இரண்டு மனிதர்கள், முதன்முதலாக மனம் ஒத்துப் பேசியது என்னைத் திட்டித்தான்.

சாப்பாடு கன்னியப்பன் வீட்டில். மாமனாருக்கு முதல் இலை. புளிச்சோறு தூக்கிலேயே கிடந்தது. எனக்கு நெய் ஊற்ற வந்தவர், "இலைய நேராத்தான போட்டிருக்கோம், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஊற்றினார். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். அவ்வளவு கேலியிலும் பசித்தது, அதுதான் அவமானம்.

திரும்பும்போது மாமனார் முன்சீட்டில் தூங்கிவிட்டார். சரோஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வழியில் தண்ணீர் ஊற்றக் கார் இரண்டு முறை நின்றது. திருத்தணி மலை கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் கேட்டாள்.

"பொண்ணு பாக்க வந்தப்போ என்னைப் பிடிச்சிருக்குன்னு சொன்னீங்களே, அதுவாவது நெஜமா?"

"நிஜம்தான்."

"யோசிச்சி சொல்லுங்க."

"யோசிக்க எதுவும் இல்லை. கல்வெட்டுதான் தெரியாது" என்றேன். 'தெரியாது' என்ற சொல்லை வாயால் சொன்னதும் ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. புளிச்சோற்றைத் திறந்து ஒரு கை எடுத்துக் கொடுத்தாள்.

அந்தக் கோயிலில் இப்போது முதல் மரியாதை ஒரு வருடம் அந்த வீட்டுக்கு, ஒரு வருடம் இந்த வீட்டுக்கு. மாமனாரும் கன்னியப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கதை மட்டும் போகவில்லை. நாற்பது வருடத்துக்கு மேலாயிற்று, திருத்தணி வீட்டில் யாரும் எனக்கு நாளிதழை நேராகக் கொடுத்ததில்லை. கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, மின்சாரக் கட்டண அட்டை, எதுவானாலும் தலைகீழாகத் திருப்பித்தான் கையில் வைப்பார்கள். கொடுத்துவிட்டு ஒரு சிரிப்பு. முதல் பத்து வருடம் கோபப்பட்டேன். அதற்கப்புறம் அதற்கும் தெம்பில்லை.

போன மாதம் என் பேத்தி பேப்பரைக் கொண்டுவந்தாள். நான்கு வயது. தலைகீழாகத்தான் கொடுத்தாள், ஆனால் சிரிக்கவில்லை. கன்னியப்பன் யார், கல்வெட்டு என்றால் என்ன, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. நான் அதை நேராகத் திருப்பப் போனேன்.

"ஐயோ தாத்தா, தப்பு!" என்று பதறி, என் கையிலிருந்து பிடுங்கி மறுபடியும் தலைகீழாக்கி மடியில் வைத்தாள். "உனக்கு இப்படி வெச்சாத்தான் படிக்க வருமாம்."

எவ்வளவு நம்பிக்கை அந்த முகத்தில்! அதைக் கெடுக்க மனம் வரவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அப்படியே தலைப்புச் செய்தியைப் படித்துக் காட்டினேன். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.