வால்சக்கர வைத்தியர்

வால்சக்கர வைத்தியர் என்று ஓர் இனம் உண்டு, ஐயா. சின்ன விமானங்கள் புல்தரையில் இறங்குகிற ஊர் எதிலும் காணலாம்; அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் பக்கம் விமானக் கொட்டகைக்கு ஒருவர் தேறுவார். விடிந்ததும் மடக்கு நாற்காலியும் காப்பிக் குவளையுமாக வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார். அவருக்கும் சொந்தமாக விமானம் உண்டு. அது பறந்து நாளாயிற்று. ஊரார் விமானத்தைக் கவனிக்கவே நேரம் போதவில்லையே, பாவம்!

நீங்கள் தரையிறங்குகிறீர்கள். வாலுக்கு அடியில் இருக்கும் அந்தப் பொடிச் சக்கரம், வேகம் குறைகிற சமயம் பார்த்து, இடமும் வலமுமாகத் தடதடவென்று உதறுகிறது. பல் கிடுகிடுக்கிறது, மூக்குக் கண்ணாடி நழுவுகிறது, செய்த பாவமெல்லாம் வரிசையாக நினைவுக்கு வருகிறது. கண்ணாடியைச் சரிசெய்தபடி இறங்கும் உங்களிடம் "அடி ஏதும் பட்டுச்சா?" என்று கேட்பாரா? மாட்டார். "டயர்ல காத்து ஜாஸ்தி" என்பார். போன மாதம் அவர் விமானத்துக்கு அதுதான் வியாதி. தனக்கு வந்ததுதான் ஊருக்கும் வரும் என்பது அவருடைய வைத்திய சாஸ்திரம்.

பிறகு சடங்கு ஆரம்பமாகும். நாலு பேர் வாலைத் தூக்கி மரத் தாங்கியில் வைப்பார்கள். அந்தரத்தில் தொங்கும் சக்கரத்தை வைத்தியர் கையால் சுற்றுவார், பூட்ஸ் காலால் ஒரு தட்டு தட்டுவார், "ம்ம்ம்" என்பார். கூடியிருப்பவர்களும் "ம்ம்ம்" என்பார்கள். எல்லாரும் ஆளுக்கொரு டோனட் எடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் வைத்தியர் பெயர் வெர்லின். ஆள் மலை மாதிரி. அவரிடம் மாட்டியவள் ஆர்லிஸ். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரும் பழைய விமானம் வைத்திருக்கிறாள். பக்கத்து மாநிலத்தில் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. புருஷன் டெல்மரைப் பின்னால் உட்கார வைத்துப் பறந்து போய்ப் பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை. ஆனால் டெல்மர் ஏறிய தடவையெல்லாம் அந்தச் சனியன் உதறியது.

"இன்னொரு வாட்டி உதறுச்சுன்னா நான் கார்லயே வந்துக்கறேன் தாயே, நீ மேல போ" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆர்லிஸ் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுதாள்.

வெர்லின் காற்றை இறக்கினார். பேரிங் மாற்றினார். திருப்புகிற ஸ்பிரிங்குகளை இறுக்கினார். ஒவ்வொரு முறையும் ஆர்லிஸ் தனியாகப் பறந்து பார்ப்பாள். வெண்ணெய் மாதிரி இறங்கும். "பாத்தியா, என் கை பட்டா!" என்பார் வெர்லின். மறுநாள் டெல்மர் ஏறுவார். தடதட.

எப்போது உதறுகிறது என்று ஒரு மனிதர், ஒரே ஒரு மனிதர், கேட்டிருக்க வேண்டாமா? கேட்டால் டெல்மரின் தொப்பையைப் பற்றிப் பேச வேண்டிவரும். எங்கள் ஊரில் ஒருவரின் மாட்டைக் குறை சொல்லலாம், பிரசங்கியாரைக்கூடக் குறை சொல்லலாம், தொப்பையைத் தொடக்கூடாது. சுற்றி நின்றவர்களிலும் பாதிப் பேருக்கு அது இருந்தது, வைத்தியருக்கு ஒரு பிடி கூடுதலாகவே.

கடைசியில் வெர்லினுக்கு ரோஷம் வந்தது. "தாங்கிய எடுங்கப்பா. நானே உள்ள உக்காந்து சக்கரத்தத் திருப்பற பெடல மிதிச்சுப் பாக்கறேன்" என்று காப்பியோடு பின் இருக்கையில் ஏறினார். வால் ஒரு முறை முனகியது. ஆர்லிஸ் பக்கத்தில் மண்டியிட்டு அடியில் பார்த்தாள்.

"ஐயோ வெர்லின், அசையாதீங்க! மூச்சுகூட விடாதீங்க!"

தாங்கியில் இருந்தவரை அழகாக வளைந்திருந்த, வாலையும் சக்கரத்தையும் இணைக்கும் பட்டை ஸ்பிரிங், அவர் பாரத்தில் தட்டையாகப் படுத்துக் கிடந்தது. சக்கரம் இடவலமாகத் திரும்புகிற அச்சாணியான கிங்பினின் தலை பின்னால் சாய்ந்திருப்பதற்குப் பதில் முன்னால் சாய்ந்து நின்றது. உதறாமல் என்ன செய்யும்? வாலைத் தூக்கித் தூக்கி நாங்களே வியாதியை ஒளித்து வைத்திருந்தோம்.

"ஸ்பிரிங்தான்னு நான் அன்னிக்கே சொன்னேனே!" என்றார் வெர்லின், உள்ளே இருந்தபடியே.

"நீங்க எதத்தான் சொல்லல?" என்றாள் ஆர்லிஸ்.

புது ஸ்பிரிங் போட்டு, வெர்லினை மறுபடி ஏற்றி உட்கார வைத்து, கிங்பினின் சாய்வைச் சரிபார்த்தார்கள். டெல்மர் கண்ணை இறுக மூடிக்கொண்டு போனார். மகள் ஊரில் இறங்கி நின்ற பிறகும் திறக்கவில்லையாம். "இறங்கிட்டோமா?" என்று கேட்டாராம். ஆர்லிஸ் அங்கேயும் அழுதாளாம், இந்தத் தடவை சிரித்துக்கொண்டே.

வெர்லின் இப்போது யார் விமானம் இருமினாலும் "ஸ்பிரிங்" என்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சக்கரம் உதறுகிறது என்று நான் சொன்ன உடனேயே, விமானத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல், உங்கள் மனசு ஒரு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டதே, அது என்ன? வேண்டாம், சொல்லாதீர்கள். பேசாமல் பின் இருக்கையில் ஏறி உட்காருங்கள். உங்கள் பாரமாவது உதவும்.